பெட்டிவே ஒட்டிய முகங்கள்

வேறொருவர் வரைந்த முகத்தின் மேல் முகம் ஒட்டுவதுதான் ஹோரஸ் பெட்டிவேயின் வேலை. பதினோரு வருடம் அதைச் செய்தார். சம்பளச் சீட்டில் ‘திருத்தம்’ என்று போட்டிருக்கும். எங்கள் காமிக்ஸ் கம்பெனியில் அதுதான் கடைசி மேசை. கழிப்பறைக் கதவுக்குப் பக்கத்தில், ஜன்னல் இல்லாத மூலையில் கிடக்கும். அதற்கு முந்தைய மேசை என்னுடையது. நான் எழுத்துக்காரி, பேச்சுக்குமிழுக்குள் வருகிற வசனத்தைக் கையால் எழுதுகிறவள். பெயர் ஜெனீவா ட்ரூஸ்டேல். என்னைப் பற்றி இவ்வளவு போதும். கோபமாகத்தான் சொல்லப் போகிறேன், அதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

ஹோரஸும் என்னைப் போலக் கறுப்பர். அலபாமாவில் பிறந்து நாலு வயதில் புரூக்ளினுக்கு வந்தவர். கொரியச் சண்டைக்குப் போய்த் திரும்பி, சிப்பாய்களுக்கு அரசாங்கம் கொடுத்த படிப்புப் பணத்தில் ஓவியப் பள்ளி முடித்தார். அப்புறம் பத்துப் பன்னிரண்டு வருடம் எங்கள் பேட்டையில் கடைப் பலகை எழுதினார். பொரித்த மீன் கடை, சவப்பெட்டிக் கடை, சர்ச் வாசல் எல்லாம் அவர் கைதான். 1969இல் தடித்த அட்டைப் பை நிறையப் படங்களை அடுக்கிக்கொண்டு லெக்ஸிங்டன் அவென்யூவில் எங்கள் ஆபீஸ் படியேறினார். எடிட்டர் டீன் மாக்ஸ்டன் ஒன்று விடாமல் புரட்டிப் பார்த்தார்.

“பிரமாதமா வரையறீங்க. இப்போதைக்கு வரையற வேலை எதுவும் காலி இல்ல. திருத்தத்துல உக்காருங்க, அப்புறம் பாக்கலாம்” என்றார்.

அந்த ‘அப்புறம்’ ஹோரஸுக்கு வரவில்லை. அவருக்குப் பின்னால் வந்த நாலு வெள்ளைக்காரப் பையன்களுக்கு வந்தது. நாலு பேரும் அவரிடம்தான் பிரஷ் பிடிக்கச் சந்தேகம் கேட்பார்கள்.

காமிக்ஸ் பக்கம் ஒரே கையில் முடிவதில்லை. ஒருவர் பென்சிலில் வரைவார். அது முதலில் என்னிடம் வரும், நான் வசனம் எழுதுவேன். பிறகு இன்னொருவர் பென்சில் கோட்டின் மேல் மை போடுவார். கடைசியில் ஹோரஸ் மேசைக்கு வரும். ஆறு விரல் இருக்கிற கை, இடது வலது மாறிய ஷூ, இப்படி எடிட்டர் நீலப் பென்சிலால் சுழித்த இடங்களை அவர் சின்ன அட்டைத் துண்டில் புதிதாக வரைந்து, வெட்டி, ரப்பர் பசை தடவி மேலே ஒட்டுவார். அச்சில் ஒட்டு தெரியாது. தெரிந்தால் அவர் வேலை கெட்டது என்று அர்த்தம்.

1972இல் கம்பெனிக்குத் திடீரென்று ஞானோதயம் வந்தது. கறுப்பர்கள் காசும் காசுதான் என்று கண்டுபிடித்து, ‘அயர்ன் மோசஸ்’ என்று ஒரு கறுப்பு நாயகனை இறக்கினார்கள். புரூக்ளின் கப்பல் பட்டறையில் வெல்டிங் வேலை பார்க்கிறவன், ஒரு விபத்தில் முஷ்டி இரண்டும் இரும்பாகிவிடுகிறது. எழுதினவர் வெள்ளைக்காரர். வரைய லாங் ஐலண்டில் இருந்த லென் ஹால்வர்சனிடம் கொடுத்தார்கள். அவரும் வெள்ளைக்காரர்தான். கெட்ட மனிதர் இல்லை, கெட்டிக்காரரும்கூட. அவர் குதிரை வரைந்தால் கனைக்கும், ரயில் வரைந்தால் அதிரும். எங்களை மட்டும் வரையத் தெரியாது. வெள்ளைக்கார முகம் ஒன்றைப் போட்டு, உதட்டைத் தடிக்கவிட்டு, மூக்கை அமுக்கி, முழியைப் பிதுக்கிவிட்டால் கறுப்பர் என்று நினைத்திருந்தார். முதல் இதழில் சர்ச் காட்சி ஒன்று. பதினேழு பேர் பாட்டுப் பாடுகிறார்கள். பதினேழு பேருக்கும் அதே மூஞ்சி. தொப்பி மட்டும் வேறு வேறு. அந்தப் பக்கத்துக்கு முதலில் வசனம் எழுதியவள் நான். “இயேசுவுக்கு மகிமை” என்று எழுதும்போது கை கூசியது.

மை போட்டு அது ஹோரஸ் மேசைக்கு வந்தபோது, மாக்ஸ்டன் நீலப் பென்சிலால் இரண்டு இடத்தைத்தான் சுழித்திருந்தார். ஒரு கதவுக் குமிழ், ஒரு முழங்கை. ஹோரஸ் இரண்டையும் பத்து நிமிடத்தில் சரிசெய்துவிட்டு, பக்கத்தைப் பார்த்தபடி சாண்ட்விச்சைத் தின்று முடித்தார். கையைக் கழுவிக்கொண்டு வந்து, கட்டை விரல் நகம் அளவுக்கு ஒரு அட்டை வெட்டினார். அதில் ஒரு முகம் வரைந்தார். ஒட்டினார். அடுத்த அட்டையை வெட்டினார். சாயங்காலத்துக்குள் பதினேழு பேருக்கும் ஆளுக்கொரு முகம் வந்துவிட்டது. ஒருத்தி கண்ணை மூடிப் பாடுகிறாள், ஒருவர் சுருதி தவறிப் பக்கத்து ஆளைத் திரும்பிப் பார்க்கிறார், ஒருவர் தூங்கி வழிகிறார்.

“அண்ணே, இத யாரும் கேக்கலையே” என்றேன்.

“கேட்டிருந்தா கூலி கேட்டிருப்பேன் தங்கச்சி. இது சும்மா.”

“வேலைக்கு உல வெச்சிடுவாங்க.”

“வெக்கட்டும். நாளைக்கு நம்ம சர்ச் மதர் பைனம் கையில இந்தப் புஸ்தகம் போனா, உசுருக்கே உல வெச்சிடுவாங்க.”

மறுநாள் மாக்ஸ்டன் பக்கத்தைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். கடைசியில் அவர், “லென் தேறிட்டான்யா!” என்றார்.

அந்த நிமிடத்தில் ஹோரஸ் வாயைத் திறந்திருக்க வேண்டும். சுழிக்காத இடத்தில் கை வைத்தால் சீட்டுக் கிழியும் என்ற பயம் அவருக்கு. எனக்கும்தான். ஒரு நாள் சும்மா இருந்தோம். மறு மாதமும் அதே மாதிரி முகங்கள் வந்தன, மறுபடி ஒட்டினார். மூன்றாவது மாதம் போய், இத்தனை நாளும் நான்தான் என்று எப்படிச் சொல்வது? சும்மா இருந்த ஒரு நாள் இரண்டு வருடம் ஆகிவிட்டது.

முகங்களுக்கு அவர் வெளியே எங்கும் அலையவில்லை. ஃபுல்டன் தெருவில் க்ளீஃபஸ் முடி வெட்டுகிற கடை இருந்தது. சனிக்கிழமை காலை முழுக்க அங்கேதான் உட்கார்ந்திருப்பார். மடியில் ஒரு சின்ன நோட்டு. கடையில் எல்லோருக்கும் விஷயம் தெரியும். கதையில் வருகிற மோசஸின் முதலாளி க்ளீஃபஸேதான், வழுக்கை உட்பட.

“ஏன்யா, இரும்பு முஷ்டியெல்லாம் வரையற, என் மண்டையில நாலு முடி வரைய உனக்கு மை செலவாயிடுமா?” என்பார் க்ளீஃபஸ்.

“உள்ளத உள்ளபடிதான் போடுவேன்.”

“அப்ப உன் பேரையும் உள்ளபடி போடேன். எங்க, காட்டு பாப்போம். மொத பக்கத்துல எவனோ ஹால்வர்சன்னு இருக்கு. நீ கல்யாணத்துக்கு முன்னாடி ஹால்வர்சனா?”

கடை குலுங்கும். ஹோரஸும் சிரிப்பார். கை மட்டும் நோட்டை மூடிவிடும், அதை நானே பார்த்திருக்கிறேன். தம்பி மகனைக் கூட்டிக்கொண்டு நானும் சில சனிக்கிழமை அங்கே போவேன்.

மதர் பைனம் எங்கள் சர்ச்சின் மூத்த பெண்மணி. போதகரே அவரைப் பார்த்தால் பிரசங்கத்தைச் சுருக்கிக்கொள்வார். ஐந்தாம் இதழில் மோசஸை வாசலில் நிறுத்தித் திட்டுகிற அத்தையாக அவரை ஹோரஸ் வைத்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் ஊர் பார்க்க, “பெட்டிவே, இங்க வா. ஈஸ்டருக்கு நான் போட்ட தொப்பிய எவனக் கேட்டு வரைஞ்ச?” என்றார். ஹோரஸ் நெளிந்தார். “சரி, போட்டதுதான் போட்ட, ஓரத்துல இருந்த இறகு எங்க? அந்த இறகுக்கே தனியா காசு குடுத்தேன்.” அடுத்த இதழில் இறகு வந்தது. மதர் பைனம் அந்த இதழைப் பைபிளுக்குள் வைத்துக்கொண்டே நடமாடினார் என்று பிற்பாடு கேள்விப்பட்டேன்.

கடிதங்கள் வந்தன. சிகாகோவிலிருந்து, டெட்ராய்டிலிருந்து, ஓக்லாந்திலிருந்து. இதில் வருகிறவர்கள் எங்கள் வீட்டு மனிதர்கள், உங்கள் ஓவியர் எங்களில் ஒருவரா என்று எல்லோரும் ஒரே கேள்வியைக் கேட்டிருந்தார்கள். மாக்ஸ்டன் அதற்குக் கடிதப் பகுதியில் பதில் போட்டார்: லென் நார்வே வம்சத்துக்காரர், நல்ல கண்ணுக்கு நிற பேதம் கிடையாது என்பதற்கு அவரே சாட்சி. அந்தப் பதிலையும் நான்தான் பார்த்து அச்சுக்கு அனுப்பினேன்.

ஹால்வர்சனுக்குத் தெரியுமா என்று என்னைக் கேட்கிறவர்கள் உண்டு. தெரியாமல் என்ன? தான் போடாத முகம் தன் பக்கத்தில் இருந்தால் எந்த ஓவியருக்குத் தெரியாது? ஒரு கிறிஸ்துமஸுக்கு ஆபீஸ் வந்தார், எல்லோருக்கும் பழக் கேக் கொண்டுவந்தார். ஹோரஸ் மேசை முன்னால் கொஞ்ச நேரம் நின்றார். “நீங்க செய்யற திருத்தத்துக்கெல்லாம் ரொம்ப நன்றி” என்று மெதுவாகச் சொல்லிவிட்டு, கேக்கில் பெரிய துண்டாக வெட்டி வைத்துவிட்டுப் போனார். நான் என் துண்டைக் குப்பையில் போட்டேன். ஹோரஸ் தின்றார். நன்றாக இருந்தது என்றும் சொன்னார்.

அவருடைய மனைவி லூரீன் மருத்துவமனையில் நர்ஸ். மோசஸின் தங்கைக்கு அவள் முகம்தான். “ஊருக்கெல்லாம் மூஞ்சி குடுத்துட்டு, தன் பேரக் கேக்கத் துப்பில்லாத ஆள கட்டிக்கிட்டேன்” என்று என்னிடம் போனில் புலம்புவாள். ஹோரஸுக்கு ஆசை இல்லாமல் இல்லை. ஒருமுறை ரயிலில் வரும்போது சொன்னார். “ஒரே ஒரு தடவ பேரு வந்தாப் போதும் தங்கச்சி. க்ளீஃபஸ் கடைக் கண்ணாடியில வெட்டி ஒட்டிட்டு வாய மூடிக்கிட்டு உக்காந்திருப்பேன்.” வேறு எதுவும் அவர் கேட்டதில்லை. மாதா மாதம் முதல் பக்கத்தில் யார் எழுதியது, யார் வரைந்தது, யார் மை போட்டது என்று ஒரு பெயர்க் கட்டம் வரும். அதை எழுதுகிறவள் நான். ஹால்வர்சன் பெயரை என் கையாலேயே மாதா மாதம் எழுதிக்கொண்டிருந்தேன். கடைசியில் என் பெயரும் வரும். எழுத்துக்காரிக்குப் பெயர் உண்டு, திருத்தக்காரருக்குக் கிடையாது. இதுதான் அவர்கள் சட்டம்.

பதினாலாவது இதழில் எனக்குப் பொறுக்கவில்லை. ஹால்வர்சன் பெயருக்குக் கீழே, அதே அளவில், ‘முகங்கள்: ஹோரஸ் பெட்டிவே’ என்று எழுதிவிட்டேன். யாரிடமும் சொல்லவில்லை. அச்சுக்குப் போகிற அன்று மாக்ஸ்டன் கண்ணில் பட்டுவிட்டது. இருவரையும் கூப்பிட்டார்.

“என்ன வேடிக்கை இது?”

“வேடிக்கை இல்ல சார். முகமெல்லாம் இவர் போட்டதுதான். பென்சில்ல எப்படி வருதுன்னு நான் பாக்கறேன்ல.”

“திருத்தம்னா அதுதாம்மா வேலை. ராத்திரி தரை தொடைக்கிறவரும்தான் இங்க வேலை பாக்கறார். அவர் பேரையும் போட்டுடலாமா?” ஹோரஸ் பக்கம் திரும்பினார். “நீங்க ஒண்ணும் மனசுல வெச்சுக்காதீங்க. உங்களுக்குத் தனியா ஒரு இதழே தரேன், முழுசா. இப்ப இத எடுத்துடுங்க.”

எடுப்பது திருத்தக்காரர் வேலை. ஹோரஸ் தன் மேசைக்குப் போய், பிளேடை எடுத்து, தன் பெயரைத் தானே சுரண்டினார். மை அட்டைக்குள் ஊறியிருந்தது. அட்டை மெலிந்து வெளிச்சம் தெரிகிற வரைக்கும் சுரண்ட வேண்டியிருந்தது. நான் பக்கத்தில் நின்றேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன்.

“அழகா எழுதியிருந்த தங்கச்சி. என் பேரு இவ்ளோ நல்லா இருக்கும்னு எனக்கே தெரியாது” என்றார்.

அதற்குப் பதில் திட்டியிருக்கலாம்.

முழு இதழ் தருகிறேன் என்றாரே மாக்ஸ்டன், அதைத் தரவும் செய்தார். ஹால்வர்சனுக்குப் பித்தப்பையில் அறுவை, இருபத்திரண்டாம் இதழுக்கு ஆள் இல்லை. ஹோரஸ் ஐந்து வாரம் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து வரைந்தார். லூரீனும் பிள்ளைகளும் அத்தனை நாளும் தட்டை மடியில் வைத்துச் சாப்பிட்டார்கள். க்ளீஃபஸ் கடைக்கு முன்கூட்டியே நாற்பது பிரதி சொல்லிவைத்து, கண்ணாடியில் “நம்ம ஆள் வரைஞ்ச மோசஸ், அடுத்த மாசம்” என்று அட்டை மாட்டிவிட்டார். அந்த இருபத்திரண்டு பக்கத்துக்கும் நான் வசனம் எழுதினேன். எழுத வந்த நாளிலிருந்து அந்த மாதிரிப் பக்கம் என் மேசைக்கு வந்ததில்லை. முதல் முறையாக உடம்பும் முகமும் ஒரே மனிதருடையதாக இருந்தது.

மாக்ஸ்டன் பார்த்தார். உதட்டைப் பிதுக்கினார். “நல்லாத்தான் இருக்கு ஹோரஸ். ஆனா இது மோசஸ் மாதிரியே இல்லையே. லென் போடற முகத்துல ஒரு இது இருக்கும். அது இதுல வரல. படிக்கறவங்க கண்டுபிடிச்சிடுவாங்க.”

லென் போடுகிற முகம்! ஹோரஸ் கழிப்பறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். உள்ளேயிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. சிரிப்புதான் என்று இன்று வரை என்னால் சத்தியம் பண்ண முடியாது. அந்த மாதம் பழைய இதழ் ஒன்றையே மறுபடி அச்சடித்து அனுப்பினார்கள். ஹோரஸ் வரைந்த பக்கங்கள் ஆபீஸில் எங்கேயோ தொலைந்துபோயின. க்ளீஃபஸ் கடைக்கு நாற்பது பிரதியும் வந்து இறங்கியது. அந்தச் சனிக்கிழமை கடையில் ஒருவரும் அவரைக் கிண்டல் பண்ணவில்லை. க்ளீஃபஸ் முடி வெட்டிவிட்டுக் காசு வாங்க மாட்டேன் என்றார். அதற்குப் பிறகு ஹோரஸ் வேறு தெருவில் போய் முடி வெட்டிக்கொண்டார்.

மோசஸ் கொஞ்ச நாளில் நின்றுபோனான். 1980இல் ஹோரஸ் வேலையை விட்டு, நகரப் பேருந்துக் கழகத்தில் பலகை எழுதப் போனார். அங்கே ஓய்வூதியம் இருந்தது, ஜன்னலும் இருந்தது. க்ளீஃபஸ் போய்ச் சேர்ந்தார். மதர் பைனம் போனார், தொப்பியோடு அடக்கம் பண்ணினோம். லூரீனும் போனாள். எனக்கும் அவருக்கும் ஞாயிற்றுக்கிழமை போன் மட்டும் மிச்சம்.

2011இல் ஒரு நாள் டக்ளஸ் ரென் என்று ஒருவர் ஹோரஸுக்குப் போன் பண்ணியிருக்கிறார். பழைய காமிக்ஸ் பக்கங்களை வாங்கி விற்கிறவர், மன்ஹாட்டனில் படக்கூடம் வைத்திருக்கிறார். மூலப் பக்கங்களைக் கம்பெனி முன்பே வரைந்தவர்களுக்குத் திருப்பிக் கொடுத்துவிட்டது, வரைந்தவர் என்றால் ஹால்வர்சன். அவர் செத்த பிறகு மகள் எல்லாவற்றையும் ரென்னிடம் விற்றுவிட்டாள். டாலஸில் ஒரு பணக்காரர் மொத்தமாக வாங்கிக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார். அதற்கு முன் மூன்று வாரத்தில் ஒரு கண்காட்சி. ஒரே ஒரு சங்கடம் என்றார் ரென். நீங்கள் வந்தால் முடித்துவிடலாம், பழைய ஆபீஸ் ஆட்களில் உங்கள் பெயரைத்தான் சொன்னார்கள்.

நான்தான் கார் ஓட்டிக்கொண்டு போனேன். ஹோரஸுக்கு எழுபத்தொன்பது, கண்ணில் புரை எடுத்திருந்தது. கை நடுங்கவில்லை. நீளமான மேசையில் பக்கங்களைப் பரப்பி வைத்திருந்தார்கள். பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் டப்பா. அது நிறைய முகங்கள். நாற்பது வருடத்தில் ரப்பர் பசை காய்ந்து, பழுத்து, ஒட்டெல்லாம் உதிர்ந்துவிட்டது. பக்கங்களில் ஹால்வர்சன் முதலில் போட்டது அப்படியே வெளியே வந்து இளித்துக்கொண்டிருந்தது. தடித்த உதடு, பிதுங்கிய முழி, பதினேழு தொப்பிக்குக் கீழே ஒரே மூஞ்சி.

“இப்படியே மாட்ட முடியாது பாருங்க, இந்தக் காலத்துல ஊரே கொதிச்சுப் போயிடும்” என்றார் ரென். “எல்லாத்தையும் அந்தந்த எடத்துல ஒட்டிக் குடுத்தீங்கன்னா போதும். பசை நல்ல பசை. இனிமே ஜென்மத்துக்கும் வராது. ஒரு பக்கத்துக்கு நாப்பது டாலர்.”

ரென் காப்பி கொண்டுவரப் போனார். நான் டப்பாவிலிருந்து ஒரு முகத்தை எடுத்துத் திருப்பினேன். பின்பக்கம் நீலப் பென்சிலில் இதழ் எண், பக்க எண், கட்ட எண், கீழே ஹோ.பெ. அச்சகத்தில் விழுந்தால் எடுத்து வைக்க வசதியாக அவர் எழுதுவது வழக்கம். இன்னொன்றைத் திருப்பினேன். ஹோ.பெ. எல்லாவற்றிலும் அவர் எழுத்து.

“அண்ணே, இதுல கை வெக்காதீங்க. எழுந்திரிங்க. பத்திரிகைக்காரனக் கூப்பிடுவோம். கீழ அவன் வரைஞ்சது இருக்கு, மேல நீங்க வரைஞ்சது தனியா கெடக்கு, பின்னால உங்க பேரு இருக்கு. இதவிட என்ன வேணும்? நாப்பது வருஷமா கேட்டது இதுதானே?”

அவர் ஒரு பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஐந்தாம் இதழ். வாசலில் நின்று மோசஸைத் திட்டுகிற அத்தை. ஹால்வர்சன் போட்ட தொப்பி இருந்தது. அதற்குக் கீழே மதர் பைனம் இல்லை, அந்த அசிங்கம் இருந்தது.

“இத மாட்டச் சொல்றியா?” என்றார்.

“கொஞ்ச நாளைக்குத்தானே? உண்மை தெரிய வேண்டாமா?”

“என் பேரு வரணும்னா இந்த மூஞ்சி பத்திரிகையில வரணும். பக்கத்துலயே வெச்சுப் போடுவான், முன்னாடி இப்படி, பின்னாடி இப்படின்னு. க்ளீஃபஸ, மதர் பைனத்த, என் லூரீன இந்தக் கோலத்துல ஊரு பாக்கணும். அப்பதான் நான் யாருன்னு தெரியும், இல்லையா?”

“அவங்கெல்லாம் செத்துப் போயிட்டாங்க, ஹோரஸ்!”

“அதான் சொல்றேன். அவங்களால வந்து மூஞ்சிய மூடிக்க முடியாது.”

நான் கத்தினேன். வாய்க்கு வந்ததெல்லாம் சொன்னேன். உன்னால்தான் மாக்ஸ்டன் கொழுத்தான், உன்னால்தான் அந்த ஹால்வர்சன் பெரிய மனிதன் ஆனான், நீ மனிதனே இல்லை, வெறும் பசை என்றேன். அவர் பிரஷைப் பசையில் தோய்த்தார். நான் வெளியே போய்ப் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டேன். சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்தேன். கைப்பையில் போன் இருந்தது, அதில் கேமரா இருந்தது. உள்ளே போய் நாலு படம் எடுத்திருந்தால் போதும். கோபத்தில் எனக்கு அது தோன்றவே இல்லை. இந்த ஒரு விஷயத்துக்கு நான் யாரையும் குறை சொல்ல முடியாது. உள்ளே போனபோது டப்பா காலி. ஒட்டு எங்கே என்று விரலால் தடவினாலும் தெரியவில்லை.

கண்காட்சிக்கு அவர் ஆசைப்பட்டு வந்தார், சர்ச்சுக்குப் போடுகிற சாம்பல் நிறச் சூட்டில். சுவரில் பெரிய எழுத்தில் எழுதியிருந்தார்கள்: கறுப்பின முகங்களை அவற்றின் கண்ணியத்தோடு முதலில் கண்டவர் லென் ஹால்வர்சன். கீழே மூலையில், பராமரிப்பில் உதவியவர்கள் என்ற வரியில், சட்டம் மாட்டியவர் பெயரும் விளக்குப் போட்டவர் பெயரும் இருந்தன. ஹோரஸ் பெயர் அதிலும் இல்லை. ஐந்தாம் இதழ்ப் பக்கத்தின் முன் ஒரு இளைஞன் நின்றிருந்தான். எங்கள் பிள்ளைதான், நீளச் சடை, கையெல்லாம் மைக்கறை. பெயர் ஜமாரி, காமிக்ஸ் வரைகிறவனாம். கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

“எங்க அப்பா இத வெச்சிருந்தார் மேடம். இதப் பாத்துதான் நான் வரையவே ஆரம்பிச்சேன். அந்தத் தொப்பிய பாருங்க, அந்த வாய பாருங்க. ஒரு வெள்ளைக்காரர் நம்மள இவ்வளவு நல்லா பாத்திருக்கார்னா நம்பவே முடியல.”

“நம்பாத” என்றேன். “இதோ நிக்கறாரே, இவர் போட்ட முகம் அது. ஒவ்வொண்ணும். அந்த அம்மா எங்க சர்ச். நான் இந்தப் புஸ்தகத்துக்கு எழுத்துக்காரி. என் பேரு மொத பக்கத்துல இருக்கு, போய்ப் பாரு.”

ஜமாரி ஹோரஸைப் பார்த்தான். மரியாதையாகத்தான் பார்த்தான். அதற்குள் ரென் சிரித்துக்கொண்டே வந்துவிட்டார். “பழைய ஆபீஸ்ல திருத்தம் பாத்தவர் இவர். அங்கங்க கொஞ்சம் சரிபண்ணியிருப்பார்” என்றார். இளைஞன் என் பக்கம் குனிந்தான்.

“தப்பா நெனைக்காதீங்க மேடம். நான் இத எழுதினா கேப்பாங்க. எதுனா ஆதாரம் இருக்கா? ஒரு கையெழுத்து, ஒரு துண்டுச் சீட்டு, அந்த மாதிரி?”

நான் ஹோரஸைப் பார்த்தேன். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். சொல்லு, ஒரு வார்த்தை சொல்லு என்று மனதுக்குள் கெஞ்சினேன். சொன்னால் அந்தப் பிள்ளை நம்பியிருப்பான் என்றுதான் இன்னமும் நினைக்கிறேன். நம்பினால் மேலே ஒட்டியதைப் பெயர்த்துப் பார்க்கச் சொல்லுவான், கீழே இருப்பது எல்லோர் கண்ணிலும் படும்.

“ஒண்ணும் இல்ல தம்பி” என்றார் ஹோரஸ்.

ஜமாரி தலையாட்டினான். போனை எடுத்து, தன் முகமும் பின்னால் அந்தப் பக்கமும் தெரிகிற மாதிரி உயர்த்திப் பிடித்தான். பிறகு தயங்கித் திரும்பினான். “ஐயா, கொஞ்சம் தள்ளி நிக்கறீங்களா? படத்துல குறுக்க வரீங்க.”

ஹோரஸ் தள்ளி நின்றார்.